பீரோ சேர்ந்து பாடிய கம்ப்யூட்டர்

என் குரலில் குறை இல்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். கணக்கிலும் குறை இல்லையாம். பாடம் நடக்கும்போது பின்னால் யாரோ மாவு அரைக்கிறார்களே, அதை நிறுத்தச் சொல்லிவிட்டு இன்னொரு தடவை பதிவு செய்து அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் மாவு அரைக்கவில்லை. அரைத்தது என் கம்ப்யூட்டர்.

பத்தாம் வகுப்புக் கணக்கைத் தமிழில் நடத்தி வீடியோவாகப் போடுகிற ஒரு கம்பெனி. வீட்டில் இருந்தபடியே பேனாவால் திரையில் எழுதிக்கொண்டு பேச வேண்டும். எழுத்தும் பேச்சும் அவர்கள் கொடுத்த சாப்ட்வேரில் ஒரே நேரத்தில் பதிவாகும். மாதிரிக்கு ஒரு பாடம் அனுப்பி அது தேறிவிட்டால் தென்காசியிலேயே உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கலாம். தேறாவிட்டால் மறுபடியும் சென்னைப் பக்கம் போய், எட்டுப் பேர் படுக்கிற அறையில் ஒன்பதாவது ஆளாக, கக்கூஸ் வாசலுக்குக் கால் நீட்டிப் படுக்க வேண்டும். அங்கே ஒரு வருஷம் படுத்துவிட்டு வந்தவன் நான். கால் நீட்டிய திசை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எனக்கு இந்த வேலை வேண்டும் என்பதற்குச் சாப்பாடும் படுக்கையும் மட்டும் காரணம் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான்தான். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், விடிவதற்குள் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் நிற்பார். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் பேனாவைத் தொடமாட்டார். அம்மாவுக்கு அதுவும் கிடையாது. ஒரு கணக்கு வரவில்லை என்றால் கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லாததால் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, சுவருக்குத்தான் கணக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டு, அதற்குச் சொல்லிக் கொடுப்பேன். சொல்லச் சொல்ல எனக்கு விளங்கிவிடும். இத்தனை வருஷம் சுவரோடு பேசியதற்கு ஒருவழியாகச் சம்பளம் கிடைக்கப்போகிறது என்று இருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் வாயைத் திறந்தது.

பழைய லேப்டாப் அந்த சாப்ட்வேரைப் பார்த்ததுமே மயங்கி விழுந்துவிட்டதால், சாமான்களைத் தனித்தனியாக வாங்கி நானே ஒரு கம்ப்யூட்டர் பூட்டினேன். முன்னால் இரண்டு ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும், பின்னால் ஒரு ஃபேன் சூட்டை வெளியே தள்ளும். மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே கடை, ஒரே நாளில் வாங்கியது. அது சாரல் மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்றில் கொடியில் போட்ட துணி காயவும் காயாது, கொடியில் இருக்கவும் இருக்காது. ஊரே போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு தகரப் பெட்டிக்கு மூன்று ஃபேன் என்றதும் அப்பா பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இதுக்கு என்ன, வேர்க்குமோ?”

வேர்க்காது, சூடாகும் என்றேன். அப்படியானால் ரேடியேட்டர் எங்கே என்றார். ரேடியேட்டர் மாதிரி ஒன்றும் உள்ளே இருக்கிறது என்று காட்டினேன். அதன் பிறகு அப்பா அதைக் கம்ப்யூட்டர் என்று சொல்வதை விட்டுவிட்டு வண்டி என்று சொல்ல ஆரம்பித்தார்.

வண்டி என்று ஆனபிறகு பூசை போடாமல் கிளப்ப முடியாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் சுவிட்சைத் தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். பொட்டு வைக்காத சாமான் எங்கள் வீட்டில் கிடையாது. கிரைண்டர், கேஸ் சிலிண்டர், மோட்டார் சுவிட்ச், பீரோ, பீரோவின் கண்ணாடி, அப்பாவின் லோடு ஆட்டோ, எல்லாவற்றுக்கும் வெள்ளிக்கு வெள்ளி சந்தனமும் குங்குமமும் உண்டு. பொட்டில்லாத மிக்ஸியைச் சென்னையில் ஒரு வீட்டில் பார்த்தபோது, அந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினேன்.

பூசையன்று எலுமிச்சம்பழத்தை மறந்துவிட்டோம். நான் கடைக்குப் போய் வருவதற்குள் அம்மா பொட்டு வேலையை முடித்திருந்தாள். மானிட்டரில் ஒன்று, கீபோர்டில் ஒன்று, பெட்டியின் தலையில் ஒன்று. பெட்டியின் முன்பக்க வலை மூடியை நான் இன்னும் மாட்டாமல் வைத்திருந்ததால், முன்னால் இருந்த இரண்டு ஃபேன்களில் மேல் ஃபேனின் ஒரு இலையிலும் ஒன்று, நல்ல மொத்தமாக. பார்த்தேன். வலை மூடியை மாட்டினேன். எலுமிச்சம்பழத்தை எதற்கு அடியில் வைப்பது என்று கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. சக்கரம் இல்லையே. கடைசியில் அப்பா சொன்னபடி மவுஸை அதன்மேல் ஏற்றி இறக்கினோம். மவுஸுக்குக் கனம் போதவில்லை. அப்பா காலால் மிதித்து நசுக்கினார்.

சுவிட்சைப் போட்டேன்.

முதலில் ஒரு முனகல். அது ஏறி ஏறி ஒரு கட்டத்தில் நின்று, அங்கேயே குடியிருந்துவிட்டது. மேசைக்குப் பக்கத்தில் பீரோ நிற்கிறது. பெட்டி முனக முனக பீரோவின் கதவும் சேர்ந்து முனகியது. பீரோவுக்கு மேல் இருந்த எவர்சில்வர் செம்புக்கு இது பிடித்துப்போய், அதுவும் சின்னக் குரலில் சேர்ந்துகொண்டது.

“வண்டி நல்லாத்தான் ஸ்டார்ட் ஆகுது” என்றார் அப்பா.

புது சாமான் அப்படித்தான் இருக்கும், ஓட ஓட அடங்கிவிடும் என்று நானும் நினைத்தேன். அந்த நினைப்போடுதான் முதல் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். வந்ததுதான் அந்த மாவு அரைக்கிற கடிதம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் மெக்கானிக். அப்பா திருப்புளியின் முனையைப் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டுவிட்டு, “பேரிங் போச்சு” என்றார். அப்பாவைப் பொறுத்தவரை இந்த உலகத்தில் கெட்டுப்போகக்கூடியது பேரிங் ஒன்றுதான். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு மூட்டு வலி வந்தபோதும் அப்பா அதைத்தான் சொன்னார். இது நேற்று வாங்கிய ஃபேன், அதற்குள் எப்படிப் போகும் என்று கேட்டால், “வாங்கும்போதே போன பேரிங்கா இருக்கும்” என்பார். அதற்கு மேல் பேச முடியாது.

குற்றாலத்தில் நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருக்கிற என் கூட்டாளியிடம் யோசனை கேட்டேன். சீசன் கூட்டத்தில் சிப்ஸ் சீவிக்கொண்டே கேட்டான்.

“இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பெட்டியத் தூக்கிட்டு ஐந்தருவிக்கு வந்துரு மக்கா. அங்கன உன் ஃபேன் சத்தம் ஒரு பயலுக்கும் கேக்காது.”

“நான் பேசுதது கேக்குமாலே?”

“அது கேக்காது. அத நீ மொதல்லயே சொல்லலையே.”

இன்டர்நெட்டில் இருந்தவர்கள் இவனைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. ஃபேனின் அதிர்வு தகரத்துக்குப் போகாமல் நடுவில் ரப்பர் வைக்க வேண்டும் என்றார்கள். அதற்கென்று ரப்பர் விற்கிறதாம். நாங்கள் டயர், டியூப் இரண்டோடும் குடும்பம் நடத்துகிறவர்கள். அப்பாவின் பழைய டியூப் ஒன்றை எடுத்து, கத்தரிக்கோலால் சின்னச் சின்ன வட்டமாக வெட்டி, நடுவில் ஆணியால் துளை போட்டு, மூன்று ஃபேனையும் கழற்றி ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று வைத்து முடுக்கினேன். இந்த வேலையின்போது மேல் ஃபேனின் பொட்டு என் மூக்குக்கு நேராக இருந்தது. அழிந்துவிட்டால் அம்மா சங்கடப்படுவாளே என்று, பொட்டில் விரல் படாமல் சட்டத்தை ஓரமாகப் பிடித்துக் கழற்றி, ஓரமாகவே பிடித்து மாட்டினேன். அவ்வளவு பக்குவமாக நடந்துகொண்டேன்.

சத்தம் கொஞ்சம் குறைந்தது. மூன்று நாளில் பழையபடி வந்துவிட்டது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வந்து போனது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்.

பீரோவை நகர்த்தினோம். நகர்த்திய இடத்தில் நின்றுகொண்டு பாடியது. பெட்டிக்கும் மேசைக்கும் நடுவில் தலையணை வைத்தேன், பெட்டி தலையணையில் சாய்ந்துகொண்டு பாடியது. செம்பை இறக்கி அடுப்படிக்கு அனுப்பிவிட்டோம், அது ஒன்றுதான் வாயை மூடியது. செட்டிங்ஸில் போய் ஃபேனின் வேகத்தைக் குறைத்தேன். மாவு அரைக்கிற சத்தம் நின்று, நாகசுரத்துக்கு ஒத்து ஊதுவதுபோல ஒரு நீளமான இழுவையாக ஆனது. நான் பேசாமல் இருந்தால் அது தனியாக ஊதும். பேசினால் என் பேச்சுக்கு ஊதும். பிதாகரஸ் தேற்றத்தை நான் ஏதோ கல்யாண வீட்டில் நின்று நடத்துவதுபோல இருந்தது. நடுப்பாடத்தில் கம்ப்யூட்டர் சூடாகிவிட்டால், என்னைக் கேட்காமல் அதுவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் வெளியில் ஒரு சத்தம் கிடையாது. ஏனென்றால் வெளியில் அம்மா நின்றாள்.

நான் பதிவு செய்கிற நேரத்தில் எங்கள் தெரு ஊரடங்கில் இருந்தது. குக்கரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டில் போய் விசில் அடிக்க வைத்துக்கொண்டு வருவாள். கொல்லையில் கோழியைக் கூடையால் கவிழ்த்து மூடிவிடுவாள். பிறகு தெருமுனையில் போய் நின்றுகொள்வாள். மீன்காரர் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக வேண்டும், கூவக் கூடாது. குற்றாலத்துக்கு வழி தப்பி எங்கள் தெருவுக்குள் வருகிற வேன்களைக் கையைக் காட்டி நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் திரும்பிப் போகச் சொல்வாள். என் பிள்ளை உள்ளே கணக்குச் சொல்கிறான் என்று எல்லோரிடமும் சொல்வாள். என்ன கணக்கு என்று யாரோ கேட்டதற்கு, பெரிய கணக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

இரண்டாவது பாடத்தையும் அனுப்பினேன். கம்பெனியில் கேட்டுப் பார்த்துத் திருத்தம் சொல்கிற பெண் மரியாதையாகத்தான் எழுதுவார். மாவு அரைப்பது நின்றுவிட்டது, மிக்க நன்றி. இப்போது வீட்டுக்குப் பக்கத்தில் ஏதோ லாரி நிற்கிறது போலிருக்கிறது, என்ஜினை அணைக்கச் சொல்ல முடியுமா. கீழே இன்னொரு வரி இருந்தது: திங்கட்கிழமை ஆள் எடுப்பதை முடித்துவிடுவார்கள், அதற்குள் வருகிற பதிவுதான் கடைசி.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் என்ன சொல்கிறது என்று கேட்டாள். லாரி சத்தம் கேட்கிறதாம் என்றேன். தெருவில் லாரியே வரவில்லை, நான் அங்கேயேதானே நின்றேன் என்று அம்மாவுக்குக் கோபம். வந்த லாரியைத் தான் கவனிக்காமல் விட்டுவிட்டதாக அந்தப் பெண் நினைத்துக்கொள்ளும் என்று அதற்கும் வருத்தப்பட்டாள். சென்னையில் அந்த அறையில் இன்னும் இடம் இருக்கிறதா என்று அன்று சாயங்காலம் போன் பண்ணி விசாரித்து வைத்தேன். இருக்கிறதாம். அதே இடம்தானாம், வேறு யாரும் அதற்கு ஆசைப்படவில்லை.

சனிக்கிழமை காலையில், முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மூன்று ஃபேனின் ஒயரையும் உருவிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டேன். பின் ஃபேன், சத்தம் இல்லை. முன்னால் கீழ் ஃபேன், அதுவும் சாது. மேல் ஃபேனை மாட்டியதும் பீரோ பாட ஆரம்பித்தது. இந்த ஒரே ஒரு களவாணிக்காக ஒரு டியூபை வெட்டி, ஒரு பீரோவை ஊர்வலம் விட்டிருக்கிறேன்.

அப்பா திண்டாடிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, “பேரிங்குனு நான் அன்னைக்கே சொன்னேன்” என்றார். இந்தத் தடவை எனக்கும் அது சரியென்றே பட்டது. மூன்றில் ஒன்று தயாரிப்பிலேயே கோளாறு, வேறு என்ன.

தென்காசியில் வாங்கிய கடைக்குப் போன் பண்ணினேன். கடைக்கார அண்ணாச்சி மாற்றித் தருவதாகச் சொன்னார். பிறகு, ஏதோ ஞாபகம் வந்ததுபோல, “தம்பி, பொட்டு கிட்டு வச்சிருக்கீயளா?” என்று கேட்டார்.

வைத்திருக்கிறோம் என்றேன்.

“அதத் தொடச்சிருங்க. பொட்டோட அனுப்புனா கம்பெனிக்காரன் யூஸ் பண்ண மாலுன்னு திருப்பி அனுப்பிருதான். போன தடவ ஒரு பிரிண்டர் வந்துச்சு, உள்ள பூராம் விபூதி. தொடச்சிட்டு, சத்தம் வாரத ஒரு வீடியோ எடுத்துட்டுக் கொண்டாங்க.”

அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். திருட்டுத்தனமாக ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சந்தனம் ஈரத்துணிக்கு அசைந்து கொடுக்கவில்லை. நகத்தால் சுரண்டினேன். பழைய ஏடிஎம் கார்டை எடுத்து, இலையோடு ஒட்டி வைத்து நெம்பியபோது பெயர்ந்து வந்தது. ஒரு மொச்சைப் பருப்பு அளவுக்கு இருந்தது. உடைத்துப் பார்த்தேன், மஞ்சள் சிவப்பு, மஞ்சள் சிவப்பு என்று அடுக்கடுக்காக. வலை மூடி காந்தத்தில் ஒட்டுகிற மூடி, இழுத்தால் வந்துவிடும். அம்மா அதைக் கண்டுபிடித்து, வெள்ளிக்கு வெள்ளி திறந்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். இதையும் பார்த்தேன். பார்த்து, அம்மாவின் பக்தியைப் பற்றித்தான் யோசித்தேன்.

ஃபேனைத் துடைத்துப் பெட்டியில் மாட்டி, போனில் வீடியோவைப் போட்டு, ஒயரைச் சொருகினேன்.

ஒன்றும் கேட்கவில்லை. ஒயர் சரியாக மாட்டவில்லை என்று நினைத்து இன்னொரு தடவை அழுத்தினேன். ஓடவே இல்லையோ என்று விரலை நீட்டினேன். விரலில் பட்டென்று அடித்தது. ஓடுகிறது. பீரோவில் காதை வைத்தேன். பீரோ செத்த பிணம்போல நின்றது. அந்த வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு ஃபேன் சத்தமில்லாமல் ஓடுகிறது, ஒருவன் விரலைக் கொடுத்துவிட்டு “ஆ” என்கிறான், பிறகு ரொம்ப நேரத்துக்கு ஒன்றும் இல்லை.

ஏழு இலையில் ஒரே ஒரு இலைக்குக் கனம் கூடினால் சுற்றும்போது என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. இன்ஜினியரிங் காலேஜில் பரீட்சைக்கே எழுதியிருக்கிறேன். படம் வரைந்து, கனம் இருக்கிற இடத்தில் கறுப்பாகப் புள்ளி வைத்து, அம்புக்குறியும் போட்டேன், முழு மதிப்பெண் வந்தது. அந்தப் புள்ளி சிவப்பாக என் மூக்குக்கு முன்னால் இருந்தபோது அது பொட்டாகத்தான் தெரிந்தது.

அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, நேராக ஃபேனைப் பார்த்தாள்.

“பொட்ட எங்கலே?”

பெட்டியைக் காட்டினேன். “கேட்டியாம்மா? சத்தம் போயிட்டு.”

அம்மா கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தாள். ஒன்றும் கேட்காததில் அவள் முகம் மலர்ந்தது. பிறகு மெதுவாக மாறியது.

“அப்பம் இவ்வளவு நாளும் சத்தம் போட்டது நான் வச்ச பொட்டா?”

பொட்டு இல்லை, பொட்டின் கனம் என்றேன். ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்தால் ஆடும் என்றேன். அது சமாதானமாக இல்லை என்பது எனக்கே தெரிந்தது. நான் சென்னைக்குப் போகக் கூடாது என்றுதான் வெள்ளிக்கு வெள்ளி அவள் அதை வைத்திருக்கிறாள். வீட்டுக்கு உள்ளே இருந்த சத்தத்தைத் தானே வைத்துவிட்டு, தெருவில் போய் நின்று மீன்காரரோடு சண்டை போட்டிருக்கிறாள். அது அவளுக்கும் புரிந்துவிட்டது. நார்க்கட்டிலில் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு அவளைத் தேற்றத் தெரியவில்லை. அதனால் சண்டைக்குப் போனேன். மேலே தொங்குகிற சீலிங் ஃபேனைக் காட்டி, “அதுக்கு நடுவுலதான வச்சிருக்க? இதுக்கும் நடுவுல வச்சா ஆடாதுல்லா. இதுக்கு மட்டும் எதுக்கு இலையில வச்ச?” என்று கேட்டேன்.

“இதுக்கு நடுவுலதான் எழுத்து இருக்கே.”

ஃபேனின் நடுவில் ஒரு வட்ட ஸ்டிக்கர் இருந்தது. கம்பெனியின் பெயர், கொட்டை எழுத்தில், இங்கிலீஷில்.

“அது கம்பெனி பேரும்மா. அதுல வச்சா என்ன?”

“என்ன பேரா இருந்தா என்னலே. எழுத்து மேல எப்பிடி வைக்க?”

செருப்புக்காலில் ஒரு துண்டுப் பேப்பர் பட்டால்கூட எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவள். அந்தப் பேப்பரில் இருப்பது கோழித் தீவன விளம்பரம் என்று நான் படித்துச் சொல்லியும் ஒற்றியிருக்கிறாள். பொட்டு வைக்கப் போன விரலை, படிக்கத் தெரியாத ஒரு சீனத்து ஃபேன் கம்பெனியின் பெயருக்கு மரியாதை கொடுத்து, நடுவிலிருந்து இலைக்கு நகர்த்தியிருக்கிறாள். என் வேலை அந்த ஒரு அங்குலத்தில் மாட்டிக்கொண்டு கிடந்திருக்கிறது. அவளை வாய் நிறையத் திட்டலாம் என்று வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“சரி, மூணு ஃபேன் இருக்கு. அது ஒண்ணுக்கு மட்டும் எதுக்கு?” என்று சும்மா கேட்டேன்.

“நம்ம வண்டிக்கும் முன் சக்கரத்துக்கு மட்டுந்தான வைக்கேன்” என்றாள். பிறகு, “கீழ உள்ளது வயிறு மாதிரி இருந்துச்சு” என்றாள்.

அன்றைக்கே கடைசிப் பதிவை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் பொட்டு அழித்த சாமானைப் பொட்டில்லாமல் ஓட விட அம்மாவுக்கு மனசு வரவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான், அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் குந்தினாள். இதில் எது சுற்றும், எது சுற்றாது என்று கேட்டாள். இலையும் நடுவும் சுற்றும், சுற்றி இருக்கிற சதுரச் சட்டம் சுற்றாது என்றேன். சட்டத்தின் மூலைகளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா. புதுத் துணிக்கு வைக்கமாதிரி வச்சிருப்பேன்.”

நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று வைத்தாள், புதுச் சட்டைக்கு மஞ்சள் வைப்பதுபோல. மற்ற இரண்டு ஃபேனுக்கும் வைத்தாள், பின் ஃபேனுக்கு வைக்கும்போது, இதுவும் பாவம்தானே என்றாள். நான் வலை மூடியை மாட்டினேன். அவள் கோழியைக் கவிழ்த்துவிட்டுத் தெருவுக்குப் போனாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கர்ணம் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பாதிப் பாடத்தில் வாயை மூடிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பயமாக இருந்தது. மீண்டும் பேச ஆரம்பித்துவிட்டேன்.

திங்கட்கிழமை மதியம் பதில் வந்தது. பின்னணியில் மாவு இல்லை, லாரி இல்லை, வேலையில் சேர்ந்துகொள்ளலாம். ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார் அந்தப் பெண். பாடத்தின் நடுவில் நான் வாயை மூடியிருந்த இடத்தில், தூரத்தில் ஒரு அம்மாவின் குரல் கேட்கிறது, “ஏ, பைய உருட்டிட்டுப் போ, எம்புள்ள கணக்குச் சொல்லுதான்” என்று. இத்தனை நாள் பெட்டியின் சத்தம் அமுக்கி வைத்திருந்த குரல். பாடத்துக்குக் கெடுதல் இல்லை, இருக்கட்டுமா, வெட்டிவிடலாமா.

ஹெட்போனை அம்மாவின் தலையில் மாட்டி அந்த இடத்தை ஓட விட்டேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“நான் இப்பிடியா கத்துதேன்?”

“இதவிட ஜாஸ்தியாவே கத்துவ.”

“வெட்டச் சொல்லிரு. அந்த மீன்காரர் பேரப்பிள்ள பத்தாப்பு படிக்கி. இதக் கேட்டுட்டுப் போயி அவர்ட்டச் சொல்லிட்டுன்னா நல்லாவா இருக்கும்?”

வெட்டச் சொல்லி எழுதினேன். சென்னை அறைக்குப் போன் பண்ணி, என் இடத்தை வேறு யாராவது பாவப்பட்டவனுக்குக் கொடுக்கச் சொன்னேன். கடைக்கார அண்ணாச்சி ஃபேன் என்ன ஆச்சு என்று கேட்டபோது, துடைத்தேன், சரியாகிவிட்டது என்று சொன்னேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை.

இப்போது மாதம் தவறாமல் சம்பளம் வருகிறது. வெள்ளிக்கு வெள்ளி மூன்று ஃபேனின் நான்கு மூலையிலும் பொட்டு ஏறிக்கொண்டே போகிறது. சட்டம் தாங்கும். பாவூர்சத்திரத்தில் தக்காளிப் பெட்டி ஏற்றுகிறவர்களிடம் என் வேலையைப் பற்றி அப்பா சொல்லாத நாள் இல்லை என்று கேள்வி. வண்டியில் பேரிங் போயிருந்ததாம், மகன் ரொம்ப நாள் தடுமாறினானாம், தான் சொன்ன பிறகுதான் சரி பண்ணினானாம்.